ஓட்டுநர்களுக்கு உறவு சொன்னவர்

இந்த அம்மையாரைப் பற்றி எழுதத் தொடங்கும் முன் ஒரு வரம்பை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுவேன். கேட்டதிலும், வேறொருவர் வாயால் உறுதிப்பட்டதை மட்டுமே உண்மை என்று கொள்வேன். இது என் ஒழுக்கத்தின் பெருமை அன்று; வேறு வழியின்மையால் வந்த கட்டுப்பாடு. அவர் தம் வாயால் சொன்னவற்றை அப்படியே நம்பி எழுதினால், திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஆண்மக்கள் அனைவரும் அவருக்கு இரத்த உறவு என்று எழுத நேரும். அவ்வளவு பெரிய குடும்பத்தை எந்த மூதாதையும் தனியொருவராக நின்று தோற்றுவித்திருக்க முடியாது.

பெயரையும் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி எவரும் அழைத்ததில்லை. ஓட்டுநர்கள், வாடிக்கையாளர்கள், பால்காரர், மின்கட்டணம் குறிக்க வருபவர் என்று எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்கா.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தள முன்னறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். நானும் மனைவியும் மாடியில் குடியிருந்தோம். அவர் நடத்தியது ஓட்டுநர்களை அனுப்பிவைக்கும் நிலையம். கார் இருந்தும் ஓட்ட ஆளில்லாதவர்கள் அழைப்பார்கள். அவர் ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ ஓர் ஆளை அனுப்புவார். ஊரில் அப்படிப்பட்டவரை ஆக்டிங் டிரைவர் என்பார்கள். விழுப்புரத்திலும் ஒரு கிளை உண்டு என்று வாசற்பலகை கூறியது. அந்தக் கிளை என்பது பேருந்து நிலையத்தின் அருகே தேநீர் ஆற்றுகிற ஒருவரின் கைப்பேசி என்பதை நான் நேரில் சென்று உறுதிசெய்துகொண்டேன்.

வாடிக்கையாளர்கள் பல வகையினர். காரை வாங்கும் துணிவு வந்து, ஓட்டும் துணிவு இன்னும் வராதவர்கள். வெளிநாட்டு மகன் அன்பின் அடையாளமாக வாங்கித் தந்த காருக்கு உறைபோட்டு, பூச்சூடி, வாரந்தோறும் துடைத்துக் காக்கும் பெற்றோர். அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குச் செல்லும் குடும்பத்தினர். புதுச்சேரிக்குக் கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் தனி வகை. போகும்போது தாமே ஓட்டிக்கொண்டு போவார்கள். கடற்காற்று தலைக்கேறிய பின்னர் அக்காவின் நினைவு வரும்.

இவர்களில் எவரும், வருகிற ஓட்டுநருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டதை நான் கேட்டதில்லை. தெருவைப் பார்த்த அறை அது. அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் பேசுவார். மாடிப்படியில் நின்றாலே இருபக்க உரையாடலும் தெளிவாக விழும். முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பையன் யாரு?"

இக்கேள்விக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. கண்ணியமானவர்கள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று படிப்படியாக இறங்கிவந்து, கடைசிப் படியில் நின்று காத்திருப்பார்கள். தம் காரின் முன்னிருக்கையில் அமரப்போகிறவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று அறியாமல் அவர்களால் எந்தக் கோயிலுக்கும் போக முடியாது. அக்கா அவர்களை முதற்படியிலேயே நிறுத்திவிடுவார்.

"நம்ம தம்பிதாங்க. சித்தப்பா பையன்."

அத்துடன் கேள்வி முடிந்துவிடும். அக்காவின் சித்தப்பா மகன் என்றால் அக்காவைப் போலத்தானே இருப்பான். அக்கா யார் என்பதை அதுவரை எவரும் விசாரித்திருக்கவில்லை. அக்காதானே என்று விட்டிருந்தார்கள்.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, உங்கள் சித்தப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"சித்தப்பா இன்னா ஒருத்தரா ஐயா," என்றார் தலைநிமிராமல். "லைசென்சு இருக்குதான்னு எவனாவது கேக்கறானா பாருங்க. நல்லா ஓட்டுவானா, அது கூடக் கேக்கறதில்ல. யாரு வூட்டுப் பையன், யாரு வூட்டுப் பையன், இதே பேச்சுதான். எங்க வூட்டுப் பையன்னு சொல்லிடறேன். ஜல்தியா முடிஞ்சிடுது."

காலையில் ஓட்டுநர்கள் வந்து கூடும்போது கார் சாவியைப் பற்றியோ வழியைப் பற்றியோ அதிகம் பேச்சு இராது. அன்றன்றைக்கு உரிய உறவு வழங்கப்படும்.

"டேய், இன்னைக்கு நீ எனக்குப் பெரியம்மா பையன். கேட்டா மாத்திப் பேசிக்கினு நிக்காத."

"போன வாரம் மாமா பையன்னு சொன்னீங்களேக்கா."

"அது போன வாரம்டா. இவுங்க வேற ஆளுங்க."

"அப்ப மாமா எங்கக்கா போனாரு?"

"உன் வாயத் தாங்காம ஓடிப்போயிட்டாரு. கெளம்பு."

இத்தகைய நிருவாகத்தில் பிழை நேராமல் இராது. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், உறவுமுறைகளைத் தம் விரல்நுனியில் வைத்திருப்பவர், ஒரே ஓட்டுநரை இருமுறை பெற்றார். முதன்முறை அவன் அக்காவுக்கு அத்தை மகன். மறுமுறை பெரியம்மா மகன். அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? போன மாசம் கட்டிக்கிற முறை. இந்த மாசம் கூடப்பொறந்த முறையா?"

அக்கா அசையவில்லை. "அவுங்கம்மா எங்க அம்மாவுக்கு அக்காங்க. எங்க அப்பா வழியில பாத்தா அத்தையும் அவுங்கதான். சொந்தத்துக்குள்ளயே குடுத்து வாங்கி எல்லாம் கொழம்பிப் போச்சுங்க."

தாயின் தமக்கையே தந்தைக்கும் உடன்பிறந்தாள் என்றால், அக்காவைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதை எண்ணிப்பார்த்து நான் படியிலேயே நின்றுவிட்டேன். வந்தவர் எண்ணிப்பார்க்கவில்லை. "எங்க வூட்லயும் இதே பேஜாருதாம்மா," என்று பெருமூச்சு விட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் அதே பையனை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தொழிலின் இடர்களையும் பலன்களையும் பற்றி அக்காவிடம் ஒரு கொள்கையும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறருடைய மகனை, பிறருடைய காரில், பிறருடைய குடும்பத்தோடு அனுப்பிவிட்டு, மாலைவரை தாம் நாற்காலியில் அமர்ந்திருப்பதே தொழில். எது நடந்தாலும் அவர் இல்லாத இடத்தில்தான் நடக்கும். எது நடந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். காரில் பல்லாண்டாகக் கிடந்த கீறல்கள் எல்லாம் ஓட்டுநர் வந்துபோன நாளில்தான் உரிமையாளர் கண்ணுக்குத் தெரியும். அப்போது வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒரு பை எடுத்துக்கொண்டு அக்கா தம் ஸ்கூட்டரில் நேரில் போவார். அவர்கள் அதைத் தின்று முடிப்பதற்குள் கீறல் பழையதாகிவிடும். பலன் என்று பார்த்தால், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று எல்லா வீட்டு அழைப்பிதழும் அவருக்கு வரும். உறவு சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள், உறவுக்கு உரிய மரியாதையைத் தவறாமல் செய்தார்கள்.

வாடிக்கையாளர்களில் தலையானவர் விழுப்புரத்து அரிசி ஆலை முதலாளி. அவருக்கும் அவருடைய மைத்துனர்களுக்குமாகப் பல கார்கள் இருந்தன. ஒருவருக்கும் ஓட்டும் பழக்கமில்லை. அது தம் தகுதிக்குக் குறைவு என்பது குடும்பக் கொள்கை. அக்குடும்பம் வெளியே புறப்படாத நாளில், அக்காவின் அறையில் மின்விசிறி ஒன்றே வேலை செய்துகொண்டிருக்கும். முதலாளி அக்காவைத் தங்கச்சி என்பார். 'பையன் யாரு' என்ற கேள்வியை மற்றவர்கள் ஒருமுறை கேட்டால் அவர் மூன்றுமுறை கேட்பார். ஆகவே அவருக்கென்று, "சொந்தச் சித்தப்பா பையங்க, அண்ணா," என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லி ஏழுமலை என்பவனை அனுப்பினார்.

ஏழுமலை மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். படகில் ஏறினால் அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் இதைவிடப் பெரிய குற்றம் ஒருவன் செய்ய முடியாது. தந்தை அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார், தாய் இல்லை, உடன்பிறந்தவர்கள் அண்ணன்மார் மட்டுமே. கடல் துப்பிய பிள்ளையைத் தார்ச்சாலை ஏற்றுக்கொண்டது. மென்மையாக ஓட்டுவான். முதலாளியின் தாயார் வேறு எவன் ஓட்டினாலும் காரில் ஏற மறுத்தார்.

ஓர் அமாவாசையன்று அந்த மூதாட்டி பனமலைக் கோயிலுக்குப் போக விரும்பினார். ஏழுமலை அழைத்துச் சென்றான். திரும்பும் வழியில், ஏரிக்கரையோரம் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய, கார் சாலையை விட்டு விலகிப் பனைமரத்தில் மோதியது. மோதியது ஓட்டுநர் பக்கம். மூதாட்டிக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஏழுமலைக்கு வலக்கால் நொறுங்கியது.

பிற்பகல் அக்கா மாடியேறி வந்தார். அமாவாசை ஆதலால் அவருடைய சித்தப்பா மக்கள், பெரியம்மா மக்கள், மாமன் மக்கள் அனைவரும் மேல்மலையனூர் சாலையில் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஓட்டுநர் அனுப்பியவருக்கு ஓர் ஓட்டுநர் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஓட்டத் தெரியாது. அதில் விழுப்புரத்து மருத்துவமனை வரை போய்ச்சேரும் பொறுமை அன்று அவருக்கு இல்லை.

"ஐயா, உங்க வண்டிய எடுக்கறீங்களா?" என்றார். எந்த உறவும் சொல்லவில்லை.

நான் மெதுவாக ஓட்டுபவன். கூட்டேரிப்பட்டில் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்த முயன்றபோது, "கொஞ்சம் ஜல்தியா போங்க ஐயா," என்றார். அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனை வாயிலில் காவலர் மறித்தார். "எல்லாரும் உள்ள போவக் கூடாது. சொந்தக்காரங்க மட்டும்தான்."

"நான் அக்கா," என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவுரு பெரியப்பா."

காவலர் என் முகத்தைப் பார்த்தார். மறுக்க எனக்கு நேரமில்லை. பெரியப்பாவாக உள்ளே போனேன்.

நடைக்கூடத்தில் முதலாளி நின்றிருந்தார். தாயார் கட்டுப்போட்ட கையோடு பெஞ்சில் அமர்ந்திருந்தார். காலில் அறுவை செய்ய வேண்டும், உறவினர் ஒருவர் கையெழுத்திட்டு உடனிருக்க வேண்டும் என்று செவிலியர் இருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனாராம். தந்தையும் அண்ணன்மாரும் கடலில் இருந்தார்கள், கைப்பேசியில் கிடைக்கவில்லை. முதலாளி அக்காவைச் சற்றே ஒதுக்கி அழைத்துப் பேசினார். ஒதுக்கி என்றாலும் அவர் ஆலை இரைச்சலில் பேசிப் பழகியவர். எனக்கு எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, தொழிலுக்காக நீ ஆயிரம் சொல்லுவ. எனக்குத் தெரியாதா இன்னா. சொந்தமில்ல, வேலைக்கு வந்தவன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பு. அவனும் அவுங்க வூட்டு ஆளுங்களும் வண்டிக்குப் பதில் சொல்லிக்கட்டும். நாளைக்கு வேற டிரைவர அனுப்பு. நமக்குள்ள ஒண்ணும் மாறப்போறதில்ல."

"சொந்தம்னு நின்னா, அண்ணா?"

"நின்னா வண்டிக்கும் நீதான் நிக்கணும். எங்க வூட்டு வண்டி எதுலயும் இனிமே உங்க ஆளுங்க ஏற வேணாம். மச்சானுங்ககிட்டயும் சொல்லிடுவேன்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவர் தொழில் செய்பவருக்குச் சொன்ன தெளிவான அறிவுரை அது. அக்காவின் வாழ்வில், எனக்குத் தெரிந்தவரை, உண்மை பேசினால் ஆதாயம் என்ற நிலை அன்றுதான் முதன்முறையாக வந்தது. பேச வேண்டிய உண்மையும் மிகச் சிறியது. அந்த நல்வாய்ப்பை அவர் வீணாக்கினார்.

பெஞ்சிலிருந்து மூதாட்டி குரல் கொடுத்தார். "அந்தப் பையன் தன் பக்கம் வாங்கிக்கினான்டா. என் பக்கம் மரம் வந்திருந்தா நீ இப்ப இன்னா பேசிக்கினு இருப்ப?"

"நீ சும்மா இரும்மா," என்றார் மகன். பிறகு அக்காவிடம், "சரி, இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. அவன் யாரு ஆளு?"

இத்தனை ஆண்டுகளாகப் படிப்படியாக இறங்கிவந்த கேள்வி கடைசிப் படியையும் விட்டு இறங்கிவிட்டது.

"எத்தன வாட்டிங்க சொல்றது. எங்க சித்தப்பா பையன்."

அண்ணா என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். முதலாளியை அப்படி அழைக்காமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். செவிலியரை நோக்கித் திரும்பி, "நான்தாம்மா அக்கா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர். அவர் வீட்டுக் கார்களும் மைத்துனர்மார் வீட்டுக் கார்களும் ஒரே நாளில் அக்காவை மறந்தன. விழுப்புரக் கிளை தேநீர்த் தொழிலுக்கு முழுமையாகத் திரும்பியது. வாசற்பலகையில் அதன் பெயர்மேல் வெள்ளைச் சாயம் பூசப்பட்டது. முதலாளியின் காரை அக்காவே பட்டறையில் விட்டுச் சரிசெய்து கொடுத்தார். எப்படிச் செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. அதன்பின் அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நிற்கவில்லை. அவர் பேருந்தில் வந்துபோனார். மல்லாட்டைப் பையோடு.

ஏழுமலை ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். நெடுந்தொலைவு ஓட்டத்தில் பிரேக்கை மிதிக்க அவனுடைய வலக்காலை இனி நம்ப முடியாது என்று ஆயிற்று. அக்கா அவனைக் கைப்பேசியின் முன் உட்காரவைத்தார். அடுத்த நாளே, மாடிப்படியில் நின்ற என் காதில் அவன் வாடிக்கையாளரோடு பேசியது விழுந்தது.

"பையன் யாரு?"

"எனக்கு மச்சான் முறைங்க. எங்க அக்கா வூட்டு வழியில."

நோய் தொற்றிவிட்டிருந்தது.

சில நாள் கழித்து அவனுடைய தந்தை வந்தார். கையில் ஓலைக்கூடை. மகனைப் பார்க்காமல் அக்காவின் எதிரே நின்றார். வாடகை தொடர்பாக நானும் அங்கே இருந்தேன்.

"நீதான் கையெழுத்துப் போட்ட அக்காவா?"

"ஆமாங்க."

"எந்த வகையில அக்கா?"

அக்கா திணறியதை நான் கண்டது அப்போதுதான். உலகில் எவரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஒருவரிடம் சொல்ல முடியாது. அவருக்குத் தம் குடும்பம் தெரியும். ஏழுமலை மேசையைத் துடைக்கத் தொடங்கினான்.

"சித்தப்பா பையன்னு சொல்லிட்டேங்க," என்றார் மெல்ல.

முதியவர் அலையின் போக்கைப் பார்ப்பவர்போல நிதானமாக எண்ணினார்.

"அப்ப நான் உனக்குச் சித்தப்பன்."

"ஆமாங்க."

"ஆமாங்க இன்னா ஆமாங்க. சித்தப்பான்னு சொல்லு. இந்தா, கருவாடு. காயவச்சிக் கொண்டாந்தேன்." கூடையை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவுரு?"

"பெரியப்பா," என்றான் ஏழுமலை. தந்தை பேச்சை நிறுத்திய நாள் முதல் அவன் பேசியவற்றில் தந்தையை நோக்கி வந்த முதற்சொல் அது.

"அப்போ எனக்கு அண்ணன்," என்று கூறிய முதியவர், கூடைக்குள் கைவிட்டு என் பங்கைத் தனியே எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கருவாடு நுழைந்ததில்லை. தம்பி கொடுத்ததை எப்படி மறுப்பது? மாடிக்கு எடுத்துச் சென்றேன். என் மனைவி இரண்டு நாள் சாம்பிராணி போட்டாள். என்னோடு பேசுவதை அதற்கும் மேலே சில நாள் நிறுத்திவைத்தாள்.

மயிலம் மலைக்கோயிலில் ஏழுமலையின் திருமணம் நடந்தபோது, நாத்தனார் முடிச்சுப் போடுவதற்கு மணமகனுடன் பிறந்தவள் எவளும் இல்லையே என்று புரோகிதர் தேடவில்லை. தேடுவதற்கு முன்பே அக்கா மணப்பெண்ணின் பின்னால் வந்து நின்றிருந்தார். மூன்றாம் முடிச்சை அவர் போட்டதை நான் என் கண்ணால் கண்டேன். இது சரிபார்க்கப்பட்டது.

பிறகு கைப்பேசிச் செயலிகள் வந்தன. ஓட்டுநரின் படமும், பெயரும், அவர் எந்த வளைவில் வந்துகொண்டிருக்கிறார் என்பதும் திரையிலேயே தெரிந்தன. நாட்டில் அறிவு வளர்ந்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்த காலத்தில், எதிர்வீட்டுக்காரர் அந்த ஓட்டுநருக்கே அழைப்புப் போட்டு, "தம்பி எந்தப் பக்கம்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவனுக்காக இடையில் புகுந்து பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா முன்னறையைக் காலிசெய்துகொண்டு போயிருந்தார். இப்போது அங்கே ஒருவர் மிக்ஸி பழுதுபார்க்கிறார். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

இனி, தெரியாதவை. அக்கா பிறந்த ஊர் எனக்குத் தெரியாது. அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதும் தெரியாது. அதை அவரிடம் எவரும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஏழுமலை அன்று அறிந்தே தன் பக்கம் மரத்தை வாங்கிக்கொண்டானா, மரம் தானாக அப்பக்கம் வந்ததா என்பது தெரியாது. அவனைக் கேட்டபோது, கன்றுக்குட்டி பிழைத்துக்கொண்டது என்று மட்டும் சொன்னான். அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. அந்தக் கருவாட்டுக் கூடை வந்த நாளுக்கு முன்னால் அவருக்குச் சித்தப்பா என்று ஒருவராவது இருந்தாரா என்பதும் தெரியவில்லை.